ஜெரால்டு அண்ணன் அடுக்கிவைத்த திரை

நாகர்கோவிலில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு முட்டம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது மேரி அக்காவிடமிருந்து போன் வந்தது. "செலின், அவரு போயிட்டாருட்டி. சோறு உண்டுட்டுக் கெடந்தவரு எந்திக்கல்ல" என்றார். ஜெரால்டு அண்ணனைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவருடைய மனைவி வேறு யாரைச் சொல்லப்போகிறார்? கண்ணில் ஊற்றிய மருந்தில் பஸ் போர்டுகூடத் தெரியவில்லை. அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. என் கணவர் ராபின் அன்றைக்குக் கடலில் இருந்தார். ஊர்ப் படகுகள் பாதிக்குமேல் கடலில்தான் இருந்தன. இனி அந்தக் கம்ப்யூட்டர் திரையை யார் பார்ப்பது என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. அண்ணனே இருந்திருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

அவரோடு பழகியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயிலுக்குப் பின்னால், படகுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன அறை ஒன்று இருக்கிறது. ஆழ்கடலுக்குப் போன படகுகள் எங்கே நிற்கின்றன, காற்று எப்படி மாறுகிறது, யாராவது உதவி கேட்கிறார்களா என்று ஒரே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அங்கே வேலை. துபாயில் ஒரு துறைமுகத்தில் கப்பல் போக்குவரத்தைத் திரையில் கவனித்துவிட்டு ஊர் திரும்பியவர் அண்ணன். நான் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவள். இரண்டு பேரும் மாறி மாறி உட்காருவோம்.

அவரைப்போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. கடற்கரையில் பிறந்தும் வள்ளத்தில் கால் வைக்க மாட்டார். மின்னல் வெட்டினால் வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார். சொந்தக்காரர்கள் வந்தால் லைட்ஹவுஸ் காட்டக் கூட்டிப்போவார், ஆனால் கீழேயே நின்று செருப்புக்குக் காவல் இருப்பார். ஊரில் 'பேடி அண்ணன்' என்றுதான் பேர். பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம். அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். "பேடி இல்லாதவனக் கண்டாத்தான் எனக்குப் பேடியாக்கும்" என்பார்.

அறைக்கு வந்ததுமே கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு டைலிங் விண்டோ மேனேஜர் என்ற ஒன்றை ஏற்றினார். நமக்குப் பழகிய கம்ப்யூட்டரில் ஒரு விண்டோவின் மேல் இன்னொரு விண்டோ வந்து படுத்துக்கொள்ளும். இதில் அது நடக்காது. தரையில் ஓடு பதித்ததுபோல எல்லாம் பக்கம் பக்கமாக நிற்கும். புதிதாக ஒன்று வந்தால் மற்றவை சுருங்கி இடம் கொடுக்கும். மவுஸ் பிடித்துப் பழகிய எனக்கு எரிச்சலாக இருந்தது. "இப்படிக் கட்டம் கட்டமா வச்சா எப்படி அண்ணே வேல பாக்க?" என்று கேட்டேன். "ஒண்ணுக்கு அடியில ஒண்ணு கெடந்தா நான் எப்படி மக்களே ஒறங்குவேன்?" என்று திருப்பிக் கேட்டார். வயதில் சின்னவர்களை எங்கள் பக்கத்தில் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

விண்டோக்கள் பெருகப் பெருகக் கட்டங்கள் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கின. அதனால் குழுக்கள் அமைத்தார். ஒரு வகையைச் சேர்ந்த விண்டோக்கள் ஒரே கட்டத்துக்குள் இருக்கும். மேலே எல்லாவற்றின் பெயரும் வரிசையாகத் தெரியும். கீழே ஒன்று மட்டும் விரிந்திருக்கும். ஒரு கீயைத் தட்டினால் அடுத்தது முன்னால் வரும். வானிலைச் செய்திகள் 'காத்து' என்ற குழுவில் இருந்தன. கடல் வரைபடமும் படகுகளிலிருந்து வரும் செய்திகளும் 'வள்ளம்' குழுவில். ஆபீசுகளுக்கும் வீடுகளுக்கும் பேசுவது 'கரை' குழு. குழுக்களைப் பற்றிப் பேச்செடுத்தால் சாயங்காலம் ஆனாலும் நிறுத்த மாட்டார். மேரி அக்கா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

கடலுக்குப் போகிறவரிடம் எப்போது வருவாய் என்று எங்கள் கரையில் கேட்பதில்லை, கேட்டால் ஆகாது என்பார்கள். பெண்டாட்டிகூடக் கேட்க மாட்டாள். அண்ணன் ஒவ்வொரு படகையும் மறித்து அதைத்தான் கேட்பார். எந்த நாள் வருவீர்கள், ஐஸ் எவ்வளவு, ஆள் எத்தனை என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். "ஏலே ஜெரால்டு, போற எடத்துல இதக் கேக்கப்பிடாதுன்னு ஒனக்கு அறியாதா? எங்களத் தீத்துக்கெட்ட நிக்கியா?" என்று ஒருநாள் படகுக்காரர் மிக்கேல் மாமா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். அண்ணன் நடுங்கிக்கொண்டுதான் நின்றார். ஆனால் வழியை விடவில்லை. "சொல்லிட்டு என்ன அடியும் மாமா" என்றார். மாமா முறைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அப்பேர்ப்பட்டவருக்கும் ஒருநாள் கைதவறிப்போனது. காற்று திரும்பிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். 'வள்ளம்' குழுவில் செய்தி விண்டோவை விரித்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் புயல் எச்சரிக்கை விண்டோ தானாகத் திறந்தது. எந்தக் குழுவில் கை இருக்கிறதோ, புதிதாக வருவது அந்தக் குழுவுக்குள்ளேயே போய் முன்னால் நின்றுகொள்ளும். அதன் இயல்பு அது. எச்சரிக்கையைப் படிக்கும் மும்முரத்தில், அது எதன்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அவர் கவனிக்கவில்லை. அடியில் ராபினின் படகு அனுப்பிய செய்தி கிடந்தது: இன்ஜின் நின்றுவிட்டது. சத்தம் எழுப்ப வேண்டிய ஸ்பீக்கரை உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டிருந்தது.

நான் அப்போது பள்ளிக்கூட வாசலில் மகளுக்காக நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் செருப்பில்லாமல் ஓடி வந்தார். இத்தனை பேர் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை. "செலின், ராபினுக்க இன்ஜின் நின்னு போச்சு. செய்தி வந்து கெடந்துச்சு. நான் பாக்கல்ல. ஒரு மணிக்கூரு பாக்கல்ல மக்களே" என்றார். செய்தி இப்போதுதான் வந்தது என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அவரை அடிக்கத் தோன்றியது. மகளின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலம், குளச்சல் படகு ஒன்று ராபினின் படகைக் கயிறு கட்டி இழுத்து வருகிறது என்று தெரிந்தபோது, அண்ணன் அறைக்கு வெளியே போய் வாந்தி எடுத்தார்.

"ஒண்ணும் ஆவல்ல அண்ணே, விடும்" என்று ராபினே வந்து சொன்னார். அண்ணன் விடவில்லை. செய்தி விண்டோவைக் குழுவிலிருந்து பிரித்து, திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை தனி இடம் கொடுத்தார். அது எந்தக் குழுவிலும் சேரக் கூடாது, எதுவும் அதன்மேல் வரக் கூடாது என்று விதிகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் ஃபைலில் எழுதினார். மற்ற குழுக்களுக்கும் பூட்டுப் போட்டார். பூட்டிய குழுவுக்குள் விதியில் பெயர் இல்லாத புதிய விண்டோ நுழைய முடியாது, வெளியே தனிக் கட்டமாகத்தான் நிற்கும். பிறகு வானிலை, கணக்கு, பாட்டு என்று அகப்பட்டதையெல்லாம் திறந்து திறந்து பார்த்தார். செய்தி விண்டோ அசையவில்லை. "இனி நீ தொற. எனக்க கைய நான் நம்பமாட்டேன்" என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினார். ஸ்பீக்கரையும் மாற்றினார்.

அடக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. மிக்கேல் மாமா பெட்டியைத் தூக்க முன்னால் நின்றார். அதற்கடுத்த வாரம் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று அறிவிப்பு வந்தது. நான் தனியாக நாற்காலியில் இருந்தேன். அன்று காலைதான் வானிலை மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அதோடு அதன் பெயரும் மாறிவிட்டது என்று எனக்குத் தெரியாது. 'காத்து' குழுவுக்குள் நிற்க வேண்டும், திரையை அடைக்கக் கூடாது என்ற விதிகளை அண்ணன் பழைய பெயருக்குத்தான் எழுதியிருந்தார். திறந்ததும் அது திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. 'காத்து' இல்லை, 'வள்ளம்' இல்லை, 'கரை' இல்லை. செய்தி விண்டோவும் இல்லை. அண்ணனுக்குப் போன் போடலாம் என்று போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

முதலில் அந்த விண்டோவை மூடினேன். செய்தி விண்டோ திரும்ப வந்தது, புதிய செய்தி எதுவும் இல்லாமல். பிறகு கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, புதிய பெயரைத் தேடி எடுத்து, அதற்கு 'காத்து' குழுவுக்குள் மட்டும் இடம், திரையை அடைக்க அனுமதி இல்லை என்று எழுதினேன். ஒரு எழுத்து தவறினால் விதி வேலை செய்யாது. எழுதினதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மென்பொருளைத் திறந்தேன். 'காத்து' கட்டத்துக்குள் போய் அடங்கி நின்றது. நம்பிக்கை வராமல் மூடி மறுபடியும் திறந்தேன். கரைக்குத் திரும்பச் சொல்லிப் படகுகளுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. ராபினின் படகிலிருந்து மட்டும் வரவில்லை.

அப்போது ஜெனிஷா வாசலில் வந்து நின்றாள். அவள் கணவன் ராபினின் படகில்தான் வேலைக்குப் போகிறான். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அக்கா, பேடிக்காண்டாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள். பயப்பட வேண்டாம் என்று எங்கள் கரையில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதுதான் அது. ராபின் ஒவ்வொரு தடவையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். ஜெரால்டு அண்ணன் மட்டும் ஒருநாளும் அதை என்னிடம் சொன்னதில்லை. எனக்கும் அன்று வாயில் வரவில்லை.

"எனக்கும் பேடியாத்தான் இருக்கு மக்களே. வீட்டுக்குப் போவாத. இங்க வந்து இரு" என்றேன். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். வலது ஓரத்தைக் காட்டி, இதிலிருந்து கண்ணை எடுக்காதே என்றேன். அவள் அழுதுகொண்டே பார்த்தாள். நான் மற்றக் கட்டங்களைப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து, திரும்பி வந்துகொண்டிருக்கிறோம் என்று ராபினின் படகிலிருந்து செய்தி வந்தபோது முதலில் கண்டது அவள்தான். அதற்குப் பிறகும், படகு கரை ஏறும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அண்ணனிடமிருந்து நான் தைரியம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, அவரிடம் அது இருந்ததுமில்லை. அவருடைய பயத்தைத்தான் எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று காலையும் ராபின் கடலுக்குப் போயிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் நாற்காலியில்தான் இருக்கிறேன்.