தங்கம்மாளின் நிறத்துக்கு ஒரு பிலிம்

அன்புச்செல்வி. பிறப்பு: 11 ஜூன் 1989. பணி: வேங்கிக்காலில் உள்ள ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். கணவர்: மாறன், மினி பஸ் ஓட்டுநர். மாமியார்: தங்கம்மாள், வயது அறுபத்தெட்டு, செங்கம் சாலையில் டீக்கடை. கேமரா: பழைய பிலிம் கேமரா, 2022இல் வாங்கியது. அதில் கருப்பு வெள்ளை மட்டுமே எடுப்பார்.

“கையில கலர் போனு இருக்குது, இவ கருப்பு வெள்ளைக்கு அலையறா” என்பது மாறனின் வழக்கமான கேலி.

2024 ஜனவரியில் தங்கம்மாள் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டார். தமக்குப் பின் மாலை போடவிருக்கும் படத்தைத் தாமே பார்த்துத் தேர்ந்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். ஸ்டூடியோக்காரர், எல்லாருக்கும் செய்வதுபோல, கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்திருந்தார்.

“யாருடா இவ? எனக்குத் தெரியாம உங்கப்பன் இன்னொருத்திய வச்சிருந்தாரா?” என்று மகனைக் கேட்டுவிட்டுப் படத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மருமகளிடம் திரும்பினார். “செல்வி, நீ எடு. என் கலருலயே வரணும்.”

“என்னுது கருப்பு வெள்ளைதான் அத்தை.”

“நானும் கருப்புதான. அப்புறம் இன்னா?”

ஒரே நிபந்தனை: கடையை விட்டு வர மாட்டார்.

அன்புச்செல்வி முதலில் ஒளியை உணரும் வேகம் நூறு எனக் குறித்த பிலிமைப் போட்டார். அதில் படத்தை உருவாக்கும் துகள் மிக நுண்ணியது. முகத்தின் ஒவ்வொரு கோடும் துலங்கும் என்று நம்பினார். ஆனால் அந்தப் பிலிமுக்கு வெளிச்சம் ஜாஸ்தி வேண்டும். கடைக் கூரையின் கீழ் அது இல்லை. ஷட்டர் மெதுவாகத்தான் திறந்து மூடியது. அதற்குள் தங்கம்மாள் இரண்டு வாடிக்கையாளரை விசாரித்திருந்தார். கழுவிப் பார்த்தால் சுருள் முழுவதும் முகம் கலங்கிப் போயிருந்தது.

“கொஞ்ச நேரம் பேசாம நில்லுங்க அத்தை.”

“நின்னா டீ ஆறிடும்மா. இன்னொரு வாட்டி எடு, அவ்ளோதான். அப்புறம் ஆதார் கார்டு படத்துக்கே மாலை போட்டுக்குங்க.”

இரண்டாம் முறை நானூறு வேகப் பிலிம். துகள் சற்றுத் தடிப்பாகத் தெரியும். ஆனால் குறைந்த வெளிச்சத்திலும் அசைவை நிறுத்திப் பிடிக்கும். அன்புச்செல்வி கேமராவை மாமியாரின் கன்னத்தருகே கொண்டுபோய் ஒளியை அளந்தார்.

“இன்னா மோந்து பாக்குற?”

கேமராவின் ஒளி அளவி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே பார்க்கும். அது சொன்னபடி எடுத்தால் கருத்த கன்னம் வெளுத்து, ஸ்டூடியோக்காரர் செய்ததே மறுபடியும் நடக்கும். ஆகவே ஒளியை ஒரு படி குறைத்துவிட்டு எடுத்தார்.

சென்னையில் கழுவிப் படங்கள் வந்ததும், தங்கம்மாள் அவற்றைக் கடை பெஞ்சில் பரப்பி வைத்துப் பார்த்தார். ஒன்றின்மேல் விரல் நின்றது. நல்ல கருப்பு முகம், மூக்குத்தியில் ஒரு பொட்டு வெளிச்சம், ஆற்றும் டீ அந்தரத்தில், வாய் பாதிப் பேச்சில்.

“இவதான் நானு.”

“வாயத் தொறந்துனு இருக்கியேம்மா” என்றார் மாறன்.

“மூடினு இருந்தா எவன்டா நம்புவான்?”

அந்தச் சுருளில் படங்கள் முப்பத்தாறு. வாய் மூடியிருப்பது ஒன்று.