கடலை ஆகாது

என் அத்தான் கணேசமூர்த்தி சுற்றுலாவுக்குத் திட்டம் போட்ட அழகைப் பார்த்திருந்தால், மனிதர் நாலு நாட்டின் மேல் படையெடுக்கப் போகிறார் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம். அபிராமபுரம் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் வரைபடம் விரிந்து கிடக்கும். அதில் கோயில், அருவி, கடற்கரை ஒன்றுக்கும் குறி கிடையாது. சிவப்பு மையில் வட்டம் போட்டதெல்லாம் ஆஸ்பத்திரி.

நான் வெங்கடேஷ், அவர் மனைவி ஷண்முகப்ரியாவின் தம்பி. தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை. பயணத்தில் நான் இல்லை, ஆனாலும் இணையத்தில் டிக்கெட் போடத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக ஏற்பாட்டு வேலைக்கு என்னையும் இந்தப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஒரே ஊர், அந்த ஊரில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் தங்கல், தங்கும் வீட்டில் அடுப்பும் பாத்திரமும் இருக்க வேண்டும், வாசலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகிற தூரம்தான் இருக்க வேண்டும். இவ்வளவும் அத்தானின் நிபந்தனைகள். “இது ஊர் சுற்றுறது இல்ல அத்தான், ஊர் ஊராக் குடித்தனம் பண்றது” என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

காரணம் அவர் மகள் சிந்து. அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் வயிற்றைக் கலக்கும், தடிப்பு வரும் என்கிற கதை இல்லை. தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும்.

விதியின் குறும்பைப் பாருங்கள், அத்தான் பிழைப்பே கடலைதான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அவர் அப்பா வந்து தி.நகரில் போட்ட கடை. கடலை எண்ணெய், கடலை மிட்டாய், வறுத்த கடலை. சிந்து மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது, ஆயுதபூஜை அன்று கடைக்கு வந்தவளுக்குத் தன் கையாலேயே ஒரு துண்டு மிட்டாயை உடைத்து ஊட்டினார். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உதடு வீங்கி, முகம் நீலம் பாய்ந்துவிட்டது. பூசணிக்காய் உடைத்துக் கிடந்த தெருவில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாராம். அன்று பிழைத்தது டாக்டர் புண்ணியம்.

அன்றிலிருந்து அத்தான் தினமும் மாலையில் இரண்டு முறை குளிக்கிறார். கடையை மூடியதும் பின்கட்டுக் குளியலறையில் ஒன்று. கடைச் சட்டையும் வேட்டியும் அங்கேயே தங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று. அதன் பிறகுதான் மகளைத் தொடுவார். ஒரு கடலைத் தோல்கூட அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. வெளியே சாப்பிடப் போனால் மகள் வாயைத் திறக்கும் முன் இவர் எழுந்து சமையற்கட்டு வாசலில் போய் நிற்பார். எந்த எண்ணெய், எந்தக் கரண்டி, யார் கை என்று விசாரணை நடக்கும். கல்யாண வீடுகளில் இவரைக் கண்டாலே சமையல்காரர்கள் முகம் மாறும்.

இப்படிப்பட்டவரை நாலு நாடு கிளம்ப வைத்தது சிந்துதான். படிப்பை முடித்துவிட்டாள், ஹைதராபாத்தில் வேலை கிடைத்திருந்தது. ஹாஸ்டல் சாப்பாடு. அத்தான் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அவள் அழவில்லை, கத்தவில்லை. ஒரு பேரம் பேசினாள். நீங்களும் கூட வாருங்கள், கடலை இல்லாத சாப்பாடே அபூர்வமான நாடுகளாகப் பார்த்துப் போவோம், அங்கே நானே கேட்டு நானே சாப்பிட்டுப் பத்திரமாகத் திரும்பினால் ஹைதராபாத்துக்கு விட வேண்டும், முடியாவிட்டால் வீட்டோடு இருக்கிறேன் என்றாள். அத்தான் மாட்டிக்கொண்டார். சம்மதித்தாரே தவிர, அவள் கேட்க வேண்டிய கேள்வியை எல்லாம் தானே கேட்டு முடித்துவிடும் திட்டத்தில்தான் இருந்தார்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால், ஒத்திகை பார்க்கலாம் என்றார். அடையாறில் ஒரு தாய்லாந்து உணவகம், சமையல்காரரும் அந்த நாட்டுக்காரர். நாங்கள் நாலு பேரும் போனோம். உட்கார்ந்ததும் அத்தான் சட்டைப் பையிலிருந்து நாலு அட்டைகளை எடுத்து மேசை மேல் பரப்பினார். பாண்டிபஜாரில் பிளாஸ்டிக் உறை போட்டு வாங்கியது. நாலு நாட்டு எழுத்திலும் ஒரே வாக்கியம். யாரையும் கேட்காமல், தமிழில் எழுதி, போனையே மொழிபெயர்க்க வைத்து எடுத்தது. மனிதருக்கு அன்று முகத்தில் அப்படியொரு பெருமை. “யார் தயவும் வேண்டாம், பாத்துக்கிடுங்க” என்றார்.

தாய்லாந்து அட்டை சமையற்கட்டுக்குப் போனது. சமையல்காரரே வெளியே வந்து சிந்துவைப் பரிதாபமாகப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அவள் கேட்டிருந்தது இறால் போட்ட அரிசி நூடுல்ஸ். எங்கள் தட்டுகளுக்கு முன்னால் அவள் தட்டு வந்தது. ஆவி பறந்தது. சிந்து முள்கரண்டியில் சுருட்டி எடுத்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த அத்தானின் மூக்கு விடைத்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த கணம் மேசைக்குக் குறுக்கே பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டார். கரண்டி எங்கோ போய் விழுந்தது. தட்டு உடைந்தது. உணவகம் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

“துப்பு. துப்புமா.”

வாய்க்குள் போகவில்லை. நூடுல்ஸ் இழை ஒன்று கீழுதட்டில் பட்டிருந்தது, அவ்வளவுதான். அக்கா கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் அவசர மருந்து ஊசியை எடுத்துக் கையில் பிடித்தபடி மகளை இழுத்துக்கொண்டு போய் வாயைக் கழுவினாள். உதடு சிவந்து தடிக்க ஆரம்பித்தது. அத்தான் காரைக் கிளப்பினார். மூன்று பேரும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். நான் உடைந்த தட்டுக்குப் பதில் சொல்வதற்காக அங்கேயே நின்றேன். நிஜத்தில் சமையல்காரரின் சட்டையைப் பிடிக்கத்தான் நின்றேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

அந்த மனிதர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வந்தார். உணவக மேலாளர் மெஹக் அவர் சொன்ன அரைகுறை ஆங்கிலத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னார். அட்டையில் எழுதியிருந்தபடி தான் மிகவும் கவனமாகச் செய்ததாகச் சொன்னாராம். இறாலை எடுத்துவிட்டார். மீன் சாறு ஒரு சொட்டு விடவில்லை. புதுச் சட்டியில், கையைக் கழுவிவிட்டுச் சமைத்திருக்கிறார். அதெல்லாம் இல்லாமல் ருசி வராதே, பாவம் அந்தப் பெண் என்று, வறுத்த வேர்க்கடலையை அரைத்துப் புளிச் சாற்றில் தாராளமாகக் கலந்திருக்கிறார்.

அப்படியானால் அட்டையில் என்னதான் எழுதியிருந்தது என்று கேட்டேன். மெஹக் கேட்டுச் சொன்னார். இந்தப் பெண்ணுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கடல் பட்டால் இவள் உயிருக்கு ஆபத்து.

அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அப்புறம் விளங்கியது. அத்தான் போனில் எழுதியது, “இவளுக்குக் கடலை ஆகாது. கடலை பட்டால் உயிருக்கு ஆபத்து.” கடலை வியாபாரிக்கு அது வெறும் கடலைதான். வேர்க்கடலை என்று நீட்டி முழக்குவது வாங்க வருகிறவர்களின் பழக்கம். அவர் வாயில் பிறந்ததிலிருந்து அந்த ஒரு சொல்தான். போனோ வங்காள விரிகுடாவைப் பிடித்துக்கொண்டது. சமையல்காரர் மேல் என்ன தப்பு? அவர் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். மூச்சு சீராக இருந்தது, உதடு மெல்ல வடிந்துகொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும் கொஞ்சம் தள்ளி நின்று சிரித்திருக்கும். அத்தான் மீதி மூன்று அட்டைகளையும் என் கையில் திணித்தார். “மறுபடியும் என் கையாலதான் குடுத்திருக்கேன்” என்றார். பயணம் கிடையாது, எல்லா டிக்கெட்டையும் ரத்து செய் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் ரத்து செய்யவில்லை. சிந்து கண்ணாலேயே என்னைத் தடுத்தாள்.

அவள் இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, நானும் இருக்கும்போதுதான், ஒரே கேள்வி கேட்டாள். “அன்னிக்கு உங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சது?”

வாசம் என்றார்.

“என் மூக்குக்குக் கீழதானே இருந்துச்சு. எனக்கு ஏன் தெரியல?”

சிந்து விடவில்லை. எனக்கு எமன் எதுவோ அது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாமல் வளர்த்திருக்கிறீர்கள், நீங்கள் இல்லாத ஊரில் நான் எப்படித் தப்பிப்பேன், ஒரு முறையாவது அந்த வாசத்தைக் காட்டுங்கள் என்றாள். அத்தான் கத்தினார், கெஞ்சினார், கடைசியில் அக்கா பக்கம் திரும்பினார். அக்கா மகள் பக்கம் நின்றாள்.

சிந்துவைச் சின்ன வயதிலிருந்து பார்க்கும் டாக்டர் அம்மாவிடம் கேட்டோம். தொடாமல், தின்னாமல், தள்ளி வைத்து முகர்ந்தால் பயமில்லை, ஆனால் வீட்டில் வேண்டாம், என் கண் முன்னால் செய்யுங்கள் என்றார். அத்தான் கடையிலிருந்து வறுத்த கடலையை இறுக மூடிய எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்தார். மகள் இருக்கும் இடத்துக்கு அவர் கடலை கொண்டுவந்தது அந்த ஆயுதபூஜைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. டாக்டர் பக்கத்தில் ஊசி தயாராக இருந்தது. கையுறை போட்ட கையால் அத்தான் மூடியைத் திறக்கவே நேரமாயிற்று.

மூடி திறந்தது. சிந்து நாற்காலியிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்து மூச்சை இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். பிறகு டப்பாவை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

“இது உங்க வாசம்ப்பா.”

அத்தான் விழித்தார். நான் தினம் ரெண்டு குளியல் குளிக்கேனே என்றார்.

“குளிச்சாலும் இருக்கும். எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து நீங்க பக்கத்துல வந்தா இதான் வரும். அன்னிக்குத் தட்டுலயும் இதான் வந்துச்சு. அதான் பயமில்லாம எடுத்தேன்.”

அத்தான் டப்பாவை மூடி டாக்டர் மேசையின் அடுத்த ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை. இத்தனை வருஷம் சோப்பும் தண்ணீருமாகப் போராடி வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்ததாக அவர் நம்பியது, அவள் தூங்கும்போது தலைமாட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் தெளிந்தவள் சிந்துதான். வழியும் அவளே சொன்னாள். நீங்கள் கடைப்பக்கம் போகாமல் கொஞ்ச நாள் இருந்தால் உங்கள் மேல் அந்த வாசம் இருக்காது, அதற்குப் பிறகு எங்கே அந்த வாசம் வந்தாலும் அது அப்பா இல்லை, சாப்பாடு என்று எனக்குத் தெரிந்துவிடும் என்றாள். டாக்டர் அம்மா, மூக்கை மட்டும் நம்பிவிடாதே, வாயைத் திறந்து கேட்கவும் வேண்டும் என்று கண்டித்தார். கேட்பேன், நானே கேட்பேன் என்றாள்.

ஒரு நாள்கூடக் கடைக்கு விடுப்பு போடாத மனிதர், கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னதாகவே சாவியைக் கடையின் மூத்த ஆள் அன்வர் பாஷாவிடம் கொடுத்தார். கொடுத்த பிறகும் அவர் கையை விடவில்லை. அன்வர் பாஷாதான் சாவியை மெதுவாக உருவிக்கொண்டார். “கடை இங்கதான் கீது அண்ணே, எங்கயும் ஓடாது. நீ பாப்பாவ இட்டுக்கினு கிளம்பு.”

புது அட்டைகளைச் சிந்துவே தயாரித்தாள். வேர்க்கடலை என்று முழுசாக எழுதி, படமும் போட்டு, அந்தந்த மொழி தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சரிபார்த்தாள். தாய்லாந்து அட்டையை அடையாறு சமையல்காரரே தன் கையால் எழுதிக் கொடுத்தார். அத்தானோ வீட்டில் கூண்டுக்குள் விட்ட மாதிரி சுற்றி வந்தார். சாயங்காலமானால் பழக்கதோஷத்தில் குளிக்கப் போவார்.

விமான நிலையத்துக்கு நானும் வழியனுப்பப் போனேன். உள்ளே நுழையும் வாசலில் அத்தான் நின்றுவிட்டார். இப்போதும் ஒரு வார்த்தை சொன்னால் திரும்பிவிடலாம் என்று அவர் கண் என்னைக் கெஞ்சியது. சிந்து தள்ளுவண்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து, அவர் தோளில் முகத்தை வைத்து ஆழமாக மூச்சை இழுத்தாள். நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

“போயிடுச்சுப்பா,” என்றாள். “வாங்க, கிளம்பலாம்.”