நாரில் கட்டிய மாலை

பங்கஜாட்சி சேச்சி போய்விட்டாள் என்று பேத்திதான் காலையில் போனைப் பார்த்துச் சொன்னாள். இந்த மலையாள ஊரின் கிழக்கேகோட்டையில் நாற்பது வருஷத்துக்கு மேல் என் பக்கத்துப் பூக்கடை அவளுடையது. அவளை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்புதான் படித்தேன். ஆனாலும் சேச்சியைப் பற்றி இன்னொருவர் கையால் எழுதவைக்க எனக்கு மனசில்லை.

யாராவது விலை குறைக்கச் சொன்னால் அவள் கோயில் கோபுரத்தைக் காட்டுவாள். "பத்மநாபசாமி இதுவரெ விலெ பேசியிட்டில்லா. நிங்ஙள் எந்தினா பேசுந்நே?" சாமியே பேரம் பேசாதபோது நீங்கள் எதற்கு என்று அவள் கேட்டால், வந்தவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார். அவள் ஊசி நூலில் கோப்பவள். நான் எங்கள் தமிழ்நாட்டு ஊர் வழக்கப்படி வாழைநாரில், விரலால் முடிந்து கட்டுவேன். "நின்றெ விரலில் கண்ணுண்டோடீ?" என்பாள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், டெல்லித் தலைவரைக் கொன்ற செய்தியும் இப்படி ஒரு காலையில்தான் வந்தது. தமிழ்நாட்டில் தேர்தல் கூட்டத்துக்குப் போன இடத்தில், மாலையோடு வந்தவள்தான் குண்டு கொண்டுவந்தாள் என்று பேச்சு. மாலையை நீட்டினால் எவ்வளவு பெரிய மனிதரும் தலை குனிவார். அந்தக் குனிவை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. அதிலேயே கைவைத்துவிட்டார்களே என்று அழுதுகொண்டே, அவர் படத்துக்குப் போட ஒரு மாலை கட்டினேன்.

சட்டையில் கறுப்புத் துணி குத்திய நாலைந்து பேர், கையில் கம்போடு வந்தார்கள். "இவிடெ ஒரு பாண்டிச்சி உண்டல்லோ, எவிடெ?" என்று தூரத்திலேயே சத்தம். தமிழச்சியை இளக்காரமாக அப்படித்தான் சொல்வார்கள்; கொன்றது தமிழர் என்று அவர்களுக்குக் கோபம். சேச்சி என்னைப் பூக்கூடைகளுக்குப் பின்னால் அழுத்தி உட்காரவைத்தாள். என் கையிலிருந்த மாலையை வாங்கி அவர்களிடம் நீட்டினாள்.

ஒருவன் திருப்பிப் பார்த்தான். "இது நாரல்லே? தமிழர் கெட்டுந்ந கெட்டல்லே?"

"ஞான் கெட்டியதா மோனே. தமிழத்தி ஒந்நும் இவிடெ இல்லா."

அவர்கள் மாலையை வாங்கிக்கொண்டு போனதும், "நின்னெ ரட்சிச்சதாடீ செல்லம்மே" என்றாள். இருக்கலாம். ஆனால், "இவளும் நம்மளோட சேர்ந்து அழறவதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சேச்சி? ஒரே தூக்கில் சோறு தின்றவளை இல்லை என்றாயே. என் கண்ணீரையும் உன் பேரில் கொடுத்தாயே.

மறுவாரம், நார்க்கட்டு சொல்லிக்கொடு என்று வந்தாள். அவர்கள் திரும்பி வந்து கட்டிக் காட்டச் சொல்லிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

"ஒனக்கு எதுக்கு? நீதான் ஏற்கெனவே கெட்டிட்டியே" என்றேன்.

பிறகும் எத்தனையோ ஓணத்துக்கு அதையே கேட்டாள். என் மகள் பேறுகாலத்துக்கு முதலில் ஓடிவந்தவள் அவள்தான். இருந்தும் கடைசிவரை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவளைக் கிடத்தியிருந்த இடத்துக்கு நாரில் கட்டிய மாலையோடு போனேன். உறவுக்காரர் ஒருவர் தொட்டுப் பார்த்து, "நல்ல கெட்டு. ஆரு கெட்டியதா?" என்றார்.

"நான் கெட்டினது. தமிழத்தி" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

மாலை வாங்க அவளால் குனிய முடியாது. நான்தான் குனிந்து போட்டேன்.

சேச்சியின் மகள் அவள் ஊசியை என்னிடம் கொடுத்தாள். சேச்சி கடைசியாகக் கோத்த நூல் இன்னும் அதில் இருக்கிறது. நான் உருவவில்லை. என் கோபத்தையும் அப்படியேதான் வைத்திருக்கிறேன்.