விட்டுக்கொடுத்த பெர்த்

நாம் நம்புவது மருந்தையா, அதைக் கொடுக்கிற கையையா? ஜம்புலிங்கத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது.

அறுபதுகளில் அவர் போர்ட் பிளேரில் பொதுப்பணித் துறை எழுத்தர். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் வாசம். அடுத்த வீட்டுத் திருநாவுக்கரசு தபால் வழியே ஹோமியோபதி படித்தவர். ஜம்புலிங்கத்துக்கு இடுப்பிலிருந்து தொடைக்கு வலி இறங்கியபோது, "பத்தரிதாண்ணே, சிறுநீர்க்குழாயில கல்லு. கரைச்சிடலாம்" என்று நாக்கை நீட்டச் சொல்லிச் சர்க்கரை உருண்டைகளைக் கொட்டினார். காப்பி கூடாது, வெங்காயம் கூடாது, கற்பூர வாசனைகூட ஆகாது. மனைவி விசாலாட்சி சாமிக்குக் கற்பூரம் ஏற்றுவதையே நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரி டாக்டரோ, கல் அடைத்துச் சிறுநீரகம் வீங்குகிறது, இந்தக் கப்பலிலேயே மதராஸ் போய் எடுத்துவிடுங்கள் என்றார். மழைக்காலம், ஜஹாஸ் என்று ஊரில் சொல்லும் கப்பல் அடுத்து எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. நல்லவேளை, மிச்சமிருந்த ஒரே பெர்த் கிடைத்துவிட்டது.

"கத்தி எதுக்குண்ணே? வலி கீழ இறங்குதுல்ல, மருந்து வேலை செய்யுது. நடுக்கடல்ல கல்லு விழுந்தா ஜஹாஸ்காரனா பிடிச்சுக் கொடுப்பான்?" என்றார் திருநாவுக்கரசு.

ஜம்புலிங்கம் சிரித்துவிட்டார். பெர்த்தைத் திருப்பிக் கொடுத்தார். அதே கப்பலில் திருநாவுக்கரசு, தங்கை கல்யாணம் என்று புறப்பட்டார். போகும்போது மறக்காமல் ஒரு குப்பி உருண்டைகளைக் கொடுத்தார்.

அந்தக் கப்பலில் போய் அடுத்ததில் திரும்பிய வியாபாரி கோவிந்தராஜ் விசாரிக்க வந்தார். "உங்க ஹோமியோபதி டாக்டருக்கும் பத்தரியாமே! மதராஸ்ல அறுத்து எடுத்தாச்சு, ஆராமா, சுகமா இருக்காரு. நீங்க விட்ட பெர்த்துலதான் போனாரு."

விசாலாட்சி குப்பியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். "உங்க நாக்கை நீட்டச் சொல்லிட்டு அவன் மட்டும் கத்திக்குப் போயிருக்கான்," என்றாள். ஜம்புலிங்கம் காய்ச்சலில் கிடந்தார். வந்த கப்பலிலேயே மதராஸுக்குக் கொண்டுபோனார்கள். கல்லோடு ஒரு சிறுநீரகமும் போயிற்று.

அவர் ஊர் திரும்பியபோது, முன்பே வந்துவிட்ட திருநாவுக்கரசு வாசலில் நின்றார். "பயந்துட்டேண்ணே. இருந்தது ஒரே பெர்த்து."

பயந்தவனை மன்னிக்கலாம். தன் பயத்தை மறைத்து அடுத்தவனுக்குத் தைரியம் சொன்னவனை என்ன செய்வது? ஜம்புலிங்கம் கதவைச் சாத்தினார். இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

மறு வருஷம் வலி மறுபக்கம் வந்தது. அப்போது அவர் செய்ததற்கான காரணத்தை விசாலாட்சியிடம்கூட அவர் கடைசிவரை சொல்லவில்லை. அவள் நீட்டிய காப்பியை விலக்கிவிட்டு எழுந்தார். அடுத்த வீட்டுக்குப் போய்த் திருநாவுக்கரசின் எதிரே உட்கார்ந்து, நாக்கை நீட்டினார்.