ஹொக்கிக்கு எடுத்த மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் தன் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். பெண்களுக்கு நல்ல வழக்கம். ஆனால் ஹொக்கிக்கு அது பெரிய தலையிடியாக இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் கரையோர ஊர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு ஹொக்கிக் கழகம் இருந்தது. வயலில் வேளாண்மை வெட்டி முடிந்த பிறகு ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். யாருடைய கூப்பன் எந்த ஊர்ச் சங்கக் கடையில் பதிந்திருக்கிறதோ, அவர் அந்த ஊருக்குத்தான் ஆடலாம் என்று கழகங்கள் கூடி விதி வைத்திருந்தன. கூப்பன் என்றால் அரிசியும் சீனியும் வாங்குவதற்கு ஆளுக்கொன்றாக அரசாங்கம் கொடுத்த சின்னப் புத்தகம். ஒருவர் வெளியூரில் கலியாணம் முடித்தால் கூப்பன் அந்த ஊருக்கு மாறும், ஆளும் கூடவே மாறுவார். நேற்று வரை நம் ஊருக்காக ஓடியவர் இன்று எதிரிப் பக்கத்தில் நிற்பார்.

அந்த வருடம் எங்கள் கழகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் நிந்தவூருக்கு மாப்பிள்ளையாகப் போனார். எங்கள் ஊர் ரசிகர்கள் கலியாண வீட்டில் சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, மையித்து விழுந்த வீட்டுச் சோறு தின்கிறவர்கள் போலத் தின்றார்களாம். வாப்பா வந்து சொன்னார். அவரும் அப்படித்தான் தின்றிருப்பார். சந்தையில் புடவைக் கடை வைத்திருந்த வாப்பாவுக்குக் கழகக் கமிட்டியிலும் ஓர் இடம் இருந்தது. கடையை விடக் கழகத்தைத்தான் அவர் கவனமாகப் பார்த்தார்.

எங்கள் வளவின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் மைதானம். வேலியோடு ஒட்டினாற்போல ஒரு தேத்தண்ணிக் கடை. கிடுகு வேலியின் பின்னால் நின்றால் கடையில் கதைப்பது எல்லாம் கேட்கும். இழந்த ஆளுக்குப் பதிலாக யாரை ஊருக்குள் கொண்டுவருவது என்ற பேச்சு அங்கேதான் நடந்தது. மூன்று பேரைக் குறித்து வைத்திருந்தார்கள். ஒருவர் சாய்ந்தமருதில் பின்வரிசையில் ஆடுபவர், ஒருவர் மருதமுனையில் கோல் காப்பவர், மற்றவர் அட்டாளைச்சேனையில் முன்வரிசையில் ஆடுபவர். மூவருக்கும் இன்னும் கலியாணம் ஆகவில்லை. நல்ல விதை நெல் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பது போல விசாரித்தார்கள். பிறகு எந்த வீட்டில் கலியாணத்துக்கு நிற்கும் குமர் இருக்கிறது என்று எண்ணினார்கள். எண்ணியவர்களில் வாப்பாவும் இருந்தார். அவர் வீட்டில் நான் இருந்தேன், வயது பத்தொன்பது.

மூன்று பேரில் ஒருவரையும் நான் கண்டதில்லை. வாப்பா யாரைத் தெரிவு செய்வார், எதற்காகத் தெரிவு செய்வார் என்று மட்டும் தெரிந்தது.

அட்டாளைச்சேனைக்காரரைத்தான் எடுத்தார்கள். நெல் மில்லில் வேலை. தகப்பன் மௌத்தாகிவிட்டார். தாயும் ஒரு மூத்த சகோதரரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். காக்கா என்று அவர் கூப்பிடும் அந்த மூத்தவர்தான் அவரை வளர்த்து ஆளாக்கியவர், அவர்களது ஊர்க் கழகத்தின் கோல் காப்பாளரும் அவர்தான். காவின் எழுதிக் கலியாணம் முடிக்க நாள் குறித்த அன்றே தேத்தண்ணிக் கடை இரண்டாகப் பிரிந்துவிட்டது.

“அவன்ட அடிக்கு ஆர் நிப்பான்? இந்த முறை கிண்ணம் நமக்குத்தான்.”

“அடி இரிக்கி, ஓட்டம் எங்க இரிக்கி? கோல் காக்கிறவன எடுத்திரிக்கணும். வாசலத் திறந்து போட்டுட்டு முத்தத்தில ஆள வைக்கிற கத இது.”

“காலப் பாத்தீங்களா? வலது கால் கொஞ்சம் சாயுது.”

மாப்பிள்ளைக்கு என்னைப் பிடிக்குமா, எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்குமா என்று அந்தக் கடையில் ஒருவரும் கேட்கவில்லை. கலியாணத்தன்று எல்லோரும் வந்து அவருடைய முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் முகத்தைப் பார்த்தேன். அமைதியான முகம். எனக்குப் பிடித்துப் போயிற்று. அதற்குப் பிறகுதான் பயமே தொடங்கியது.

கலியாணம் முடிந்து நாலு மாதத்தில் போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் அவர் ஒன்றும் அடிக்கவில்லை. இரண்டாவதில் அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. நான் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. பெண்கள் மைதானத்துக்குப் போவதில்லை. வேலிக்குப் பின்னால் நின்று சத்தத்தை வைத்துத்தான் அறிந்துகொள்வேன். மட்டை பந்தில் படும் சத்தம் கேட்கும், பிறகு ஒரு நொடி ஊரே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வருவது ஆரவாரமா முனகலா என்பதில்தான் என் சோறு தண்ணி இருந்தது. அந்த இரண்டு நாளும் முனகல்தான் வந்தது. ஆட்டம் முடிந்து போகிறவர்கள் எங்கள் ஒழுங்கையால் போனார்கள். அது அவர்களுக்குச் சுற்றுப்பாதை. எங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அதால் போனார்கள்.

“மாப்புள எடுத்திரிக்காங்க மாப்புள. திண்டுட்டுப் படுக்கத்தான் லாயக்கு.”

அவர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டும் கேளாதவர் போல இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வளவில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய மாப்பிள்ளையை இப்படித்தான் யாரோ சந்தியில் வைத்து ஏசியிருந்தார்கள். அவர் சண்டை பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சட்டைகளை மடித்து, கூப்பனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். கூப்பன் போனால் ஆள் போனது போலத்தான். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். பஸ் சத்தம் கேட்கும் போதெல்லாம் அவள் வாசல் படலையைப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். என் வயிற்றில் அப்போது மூன்று மாதப் பிள்ளை.

அன்றைக்கே அவருடைய கூப்பனை எடுத்து என் றங்குப் பெட்டிக்குள், கலியாணக் கூறையின் மடிப்பில் வைத்தேன். வீட்டுக் கூப்பன்களையெல்லாம் கட்டிச் சங்கக் கடைக்குக் கொடுத்தனுப்புவது என் வேலை. சனிக்கிழமை அதையும் கட்டோடு சேர்ப்பேன், சாமான் வந்ததும் திரும்ப எடுத்து மறைத்து வைப்பேன். ஓர் ஆளைக் கடதாசிப் புத்தகத்தால் கட்டி வைக்க முடியாது என்று இன்று தெரிகிறது. பத்தொன்பது வயதில், பயத்தில், முடியும் என்று நினைத்தேன்.

பிறகு இரண்டு ஆட்டங்களில் அவர் நன்றாக ஆடினார். ஏசிய வாய்களே அவருக்காகத் துஆக் கேட்டன. எங்கள் ஊர் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே நின்றது அட்டாளைச்சேனை.

ஊர் கொண்டாடியது. இவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். ஏன் என்று கேட்டால், “ஒண்டுமில்ல” என்பார். நான் எனக்குள்ளேயே கணக்குப் போட்டேன். இவர் கோல் அடிக்காவிட்டால் தன் ஊருக்கு விட்டுக்கொடுத்தான் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். ரோசத்தில் இவர் போய்விடுவார். அந்த ஒரு பயத்துக்கு மேல் என் புத்தி போகவில்லை.

ஆட்டத்தன்று காலையில் அட்டாளைச்சேனைக் கழகத்திலிருந்து ஆள் வந்தது. இவரை ஆட விடுவதானால் கூப்பனை மைதானத்தில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆட விடமாட்டோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாப்பா சிரித்துக்கொண்டே உள்ளே வந்து கூப்பன் கட்டை அவிழ்த்தார். எல்லோருடையதும் இருந்தது. இவருடையது இல்லை.

வாய் திறந்திருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். புருஷனின் கூப்பனை ஒளித்து வைத்த பெண் என்று வாப்பாவுக்கு எப்படிச் சொல்வது? இவருக்கு எப்படிச் சொல்வது? உம்மா அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் தேடினார். வாப்பா பாயை உதறினார். இவர் எங்கள் அறைக்குள் போய் றங்குப் பெட்டியைத் திறந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு சேலையாகத் தூக்கிப் பார்த்தார். கூறையைத் தொட்டார், கொஞ்ச நேரம் அப்படியே கையை வைத்திருந்தார். பிறகு பெட்டியை மூடினார்.

“இதுக்குள்ள இல்ல மாமா” என்றார்.

அல்லாஹ் காப்பாற்றினான் என்று நினைத்தேன். எவ்வளவு மடைச்சி நான்.

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு செய்தி கடைக்குப் போய், கடையிலிருந்து ஊருக்குப் போனது. சனிக்கிழமை இருந்த கூப்பன் செவ்வாய்க்கிழமை எங்கே போகும்? ஊர் தானே விடையும் கண்டுபிடித்தது. அஸர் தொழுகைக்கு முன்னால் எங்கள் படலையில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். எல்லோரும் தெரிந்த முகங்கள், என் கலியாணத்தில் சோறு தின்ற முகங்கள். ஆனால் அவர்கள் நின்ற விதம் எனக்குத் தெரியாததாக இருந்தது. ஒருவர் கையில் மட்டை இருந்தது. அது ஆடுவதற்குக் கொண்டுவந்த மட்டையாகத்தான் இருக்கும். எனக்கு அப்படித் தெரியவில்லை.

“கூப்பன அவன்தான் ஒளிச்சிரிக்கான். காக்காவுக்கு எதிரா ஆட மனமில்ல.”

“நம்மட சோத்தத் திண்டுட்டு அந்த ஊருக்கு வேல செய்யிறான்.”

“வெளிய வரச் சொல்லுங்க ஹாஜியார். ரெண்டு வார்த்த கேக்கணும்.”

வாப்பா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் விறாந்தையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. இவரை அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அடிக்காமல் விட்டாலும் இன்று மாலை பஸ்ஸில் இவர் போய்விடுவார் என்று நினைத்தேன். எது கூடுதல் பயம் என்று கேட்டால் இரண்டாவதுதான்.

அறைக்குள் ஓடிப் போய்க் கூறையை உதறினேன். புத்தகம் விழுந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முற்றத்தைத் தாண்டி, அவ்வளவு ஆம்பிளைகளுக்கு முன்னால், படலையடியில் போய் நின்றேன். அதுவரை நான் செய்யாத காரியம் அது.

“நான்தான் ஒளிச்ச” என்றேன். “இவருக்கு ஒண்டும் தெரியா.”

“என்னத்துக்கு மகள்?” என்று வாப்பா கேட்டார்.

“நீங்கெல்லாம் ஏசுறீங்க. இவர் போயிருவாரெண்டு பயம்.”

மட்டை வைத்திருந்தவர் நிலத்தைப் பார்த்தார். இவர் எழுந்து வந்து என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினார். என்னைக் காப்பாற்றிவிட்டாய் என்பது போலப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பார்த்தது வேறு மாதிரி இருந்தது. காலில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.

வேலிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றேன். கடைசி நேரத்தில் ஒரு மட்டைச் சத்தம் தனியாகக் கேட்டது. ஒரு நொடி ஊர் மூச்சைப் பிடித்தது. பிறகு மைதானம் வெடித்தது. கிடுகு வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சந்தோசத்தில்.

அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினார்கள். காலைக் குறை சொன்னவரே காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் எல்லோரும் கலைந்தார்கள். தொழுதுவிட்டு வந்தவருக்குச் சோறு போட்டேன். அவர் கை வைக்கவில்லை.

“ஆட்டம் முடிஞ்சி நான் சலாம் குடுக்கப் போன. காக்கா கையை எடுத்துட்டாரு” என்றார். “‘உன்ட கூப்பன் எங்க இரிக்கோ, அங்கயே இரி. இஞ்ச வராத’ எண்டு சொன்னாரு.”

“தோத்த கோவம். ரெண்டு நாளில ஆறிரும்” என்றேன்.

“இல்ல புள்ள. காக்கா முந்தியே ஆள் அனுப்பின. ‘நீ ஆடாத, நீ கோல் அடிச்சா நான்தான் தம்பிக்கு விட்டுக் குடுத்த எண்டு இஞ்ச என்னத் தல நிமித்த விடமாட்டானுகள்’ எண்டு சொல்லி அனுப்பின. கூப்பன் உன்ட கூறைக்குள்ள இரிக்கிறது எனக்குத் தெரியும். நீ வெச்ச அண்டைக்கே நான் கண்ட.”

“தெரிஞ்சா ஏன் சொல்லல்ல?”

“நீ சொல்லமாட்டாயெண்டு நான் நம்பியிருந்த. கூப்பன் இல்லாட்டி ஆட்டமுமில்ல. ரெண்டு ஏச்சு வாங்கிட்டு இரிந்திரிப்பன்.”

“ஆடினாலும் வெளிய அடிச்சிரிக்கலாமே.”

அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“நீ அவ்வளவு பேருக்கு முன்னால வந்து நிண்டுட்டாய். அதுக்கு மறுகா எப்படி நான் வெளிய அடிக்கிற?”

காக்கா எங்கள் பிள்ளை பிறந்ததற்கு வரவில்லை. பெருநாளுக்கு இவர் கொண்டுபோன பண்டத்தைப் படலையிலேயே திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு முறையும் இவர் அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். நான் பயந்தது நடக்கவேயில்லை. அவர் என்னை விட்டுப் போகவில்லை. போவதற்கு அவருக்கு ஒரு வீடு இல்லாமல் செய்துவிட்டேன்.