நீர்நாய்க்குக் கோபம் வந்ததா?

லோகேஸ்வரனுக்குக் கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டித் தருவதுதான் தொழில். செபராங் ஜெயாவில் ஒரு கடையின் மாடியில் ஸ்டூடியோ. மணப்பெண் தலை குனிந்தால் வெட்கம், அப்பா கண்ணாடியைத் துடைத்தால் கண்ணீர், மாமியார் சும்மா நின்றால் பெருமிதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டைத் தயாராக வைத்திருப்பார். ஜனங்களும் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்துவார்கள். அதில் அவருக்குத் தனிக் கர்வம்.

ஆடி மாதம் பிறந்தது. கல்யாணம் கிடையாது. சும்மா உட்கார்ந்திருந்தவரைத் தேடி ஷஹீரா வந்தாள். அவளுடைய அண்ணன் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர் இவர்தான். பல்கலைக்கழகத்தில் நீர்நாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கடலுக்கு அக்கரையிலுள்ள தீவில் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் அவள் மரத்தில் கட்டி வைத்த கேமராக்களில் வீடியோ மலையாய்க் குவிந்திருந்தது. எந்த நீர்நாய் எப்போது என்ன செய்தது என்று பார்த்துப் பதிய ஒரு பொறுமையான கண் வேண்டும். சாப்பிடுவது, நீந்துவது, விளையாடுவது, உடம்பை உலர்த்துவது என்று ஒவ்வொரு செயலுக்கும் பெயரும் விளக்கமும் எழுதிய அட்டவணையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

லோகேஸ்வரன் முதல் வாரமே சுறுசுறுப்பாக எழுதி அனுப்பினார். “அப்பா நீர்நாய்க்குக் கோபம். அம்மா முகத்தோடு முகம் வைத்துச் சமாதானம் செய்கிறாள். கடைக்குட்டி ஏக்கத்தோடு பார்க்கிறான்.”

ஷஹீரா போன் செய்தாள். “அண்ணே, படிக்க ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இத வச்சு ஒண்ணும் செய்ய முடியாதுலா.”

“ஏம்மா, தப்பா எழுதிட்டேனா?”

“அதுதான் அப்பான்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“பெருசா இருந்துச்சு. மூஞ்சியும் ஒரு மாதிரி இருந்துச்சு.”

“பெருசா இருந்தா அப்பாவா? கோபம்னு எழுதுனீங்களே, எதப் பார்த்து எழுதுனீங்க? வாயத் திறந்துச்சா, பல்லு தெரிஞ்சுச்சா, கத்துச்சா? அத மட்டும் எழுதுங்கண்ணே. கோபமா பசியான்னு அப்புறம் பார்ப்போம்.”

எத்தனை ஆயிரம் முகங்களைப் பார்த்தவன், எனக்கா முகம் படிக்கத் தெரியாது என்று அவருக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு மேசையில் மனைவி சந்திரிகா கேட்டாள்:

“என்னங்க, ஏன் கோபமா இருக்கீங்க?”

“கோபம்னு எப்படிச் சொல்ற? எதப் பார்த்த?”

சந்திரிகா அசரவில்லை. “சோத்த ஓரமா தள்ளி வச்சீங்க. மூக்கு விடைச்சுச்சு. ரசம் ஊத்தவான்னு கேட்டா பதில் இல்ல. போதுமா, இன்னும் சொல்லவா?”

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரசமும் ஊற்றச் சொன்னார்.

மறுநாள் அதே காட்சியை மறுபடி ஓட்டினார். இம்முறை மனதுக்குள் பாட்டு எதுவும் ஓடவில்லை. வேகத்தைக் குறைத்துப் பார்த்தால், ‘அம்மா’ யாரையும் சமாதானம் செய்யவில்லை. ‘அப்பா’ வாயிலிருந்த மீனின் வாலைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது! கடைக்குட்டி ஏங்கவும் இல்லை. திரும்பி உட்கார்ந்து மலம் கழித்துக்கொண்டிருந்தது. தனியறையில் உட்கார்ந்து லோகேஸ்வரன் தொடையில் தட்டிச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த வேலை அவரைப் பிடித்துக்கொண்டது.

அடுத்து ஒரு சோதனை வந்தது. ஒரே வீடியோக்களை அவரும் ஷஹீராவும் தனித்தனியே பார்த்து எழுத வேண்டும். இருவரும் எழுதியவை ஒத்துப்போனால்தான் அட்டவணை செல்லும். எல்லாம் ஒத்துப்போயின, மணலில் உருள்வதைத் தவிர. அவர் அதை ‘விளையாட்டு’ என்று குறித்திருந்தார். அவள் ‘உடம்பை உலர்த்துதல்’ என்று குறித்திருந்தாள். போனில் வாதாடி முடியாமல், நேரில் பார்ப்பது என்று முடிவானது.

சனிக்கிழமை காலை ஃபெரி பிடித்துத் தீவுக்குப் போனார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் அவள் குடும்பம் நடத்தும் சாப்பாட்டுக் கடையிலிருந்து ரொட்டிப் பொட்டலத்தோடு ஷஹீரா வந்திருந்தாள். முகத்துவாரத்துப் புதருக்குப் பின்னால் இருவரும் குந்தியிருந்தார்கள். தண்ணீரிலிருந்து ஒரு குட்டி ஏறி வந்து மணலில் புரண்டது.

“பார்த்தீங்களா, ஈரத்தக் காய வைக்குது” என்று அவள் கிசுகிசுத்தாள்.

அதற்குள் மேட்டில் படுத்துக் கிடந்த இன்னொன்று எழுந்து வந்து பக்கத்திலேயே புரண்டது. அது தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. ரோமம் உலர்ந்து கிடந்தது.

“அப்ப விளையாட்டுதானே?” என்றார் லோகேஸ்வரன். சொல்லி வாயை மூடவில்லை, அது குட்டியைத் தொடாமல், திரும்பியும் பாராமல், எழுந்து தன் வழியே போய்விட்டது.

ஷஹீரா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். “அண்ணே, உங்களைக் கதை எழுதாதீங்கன்னு சொல்லிட்டு, நானும் கதைதான் எழுதியிருக்கேன். காய வைக்குதுன்னு நான் எங்க பார்த்தேன்? உருளுது. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியுது.”

ரொட்டியைத் தின்றுகொண்டே அட்டவணையில் அந்த வரியைத் திருத்தினார்கள்: ‘மணலில் உருளல் – முதுகோ விலாவோ மணலில் பட, உடல் பக்கவாட்டில் புரளும்.’ ஏன் என்ற கேள்விக்கு வேறு பத்தி ஒதுக்கினாள். அடுத்த சோதனையில் இருவரும் எழுதியவை ஒத்துப்போயின.

ஆவணியில் கல்யாணங்கள் திரும்பின. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாணம். மணப்பெண் தனுஜாவின் அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. “அழற மாதிரி ஏதாச்சும் பாட்டப் போட்டுச் சரிக்கட்டுங்க அண்ணே” என்றார் பெண்ணின் சித்தப்பா. சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, எடுத்ததையெல்லாம் லோகேஸ்வரன் ஓட்டிப் பார்த்தார். அப்பா ஒவ்வொரு காட்சியிலும் எங்கோ ஓரத்தில் வந்துகொண்டே இருந்தார். குனிந்தபடி வருவார், பெரிய மின்விசிறியை மகள் பக்கம் திருப்புவார், போய்விடுவார். யாரோ அதை வேறு பக்கம் திருப்புவார்கள். அப்பா மறுபடி வருவார். பாட்டு எதுவும் போடாமல், மண்டபத்துச் சத்தத்தோடு அதையெல்லாம் அப்படியே சேர்த்துவிட்டார்.

வீடியோ போய்ச் சேர்ந்த அன்று தனுஜா அழைத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. “அங்கிள், எங்கப்பா இத்தன வாட்டியா ஃபேனத் திருப்புனாரு? எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டுல எல்லாரும் திரும்பத் திரும்ப அதையேதான் பார்க்கிறோம்!”

இப்போதெல்லாம் கல்யாணம் இல்லாத சனிக்கிழமைகளில் சந்திரிகாவும் அவரோடு தீவுக்கு வருகிறாள். போன வாரம் ஒரு குட்டி, தூங்கிக்கொண்டிருந்த பெரியதன் வாலைக் கடித்துவிட்டு ஓடியது.

“கொழுப்பப் பாருங்க இதுக்கு!” என்றாள் சந்திரிகா.

லோகேஸ்வரன் சட்டப்படி ‘வால் கடித்தல், பின் ஓட்டம்’ என்று குறித்தார். குறித்து முடித்துவிட்டு, “கொழுப்புத்தான்லா” என்றார்.