காவடிக் கடைக்குப் பக்கத்தில் சீட்டாட்டம்

திருத்தணி மலையடிவாரத்தில் நானும் என் கணவரும் பூக்காவடி கட்டி வாடகைக்கு விடுகிறோம். வெளியூர்க்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க ஓர் இணையதளமும் வைத்திருக்கிறோம். ஆடிக் கிருத்திகை நெருங்கிய நேரத்தில் ஒருவர் போனில் பேசினார். நூற்றுக்கணக்கான தளங்களில் எங்கள் தளத்துக்கு இணைப்பு கொடுப்பாராம். காவடி என்று தேடினாலே நாங்கள்தான் முதலில் வருவோமாம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சரியென்று சொல்லப் போனவளை என் கணவர் தடுத்தார். "கிருத்திகைக்குக் கடை போடறப்போ பக்கத்துல இன்னா கடைன்னு பாக்கறோமில்ல? இதுக்கும் பாரு."

போன்காரர் மாதிரிக்கு அனுப்பிய பக்கத்தைத் திறந்தேன். மேலே சீட்டாட்டத் தளத்துக்கு இணைப்பு, கீழே ஆண்மை மருந்துக்கு, நடுவில் பாவம், ஒரு கல்யாண மண்டபம்! அந்த மண்டபத்துக்கே போன் போட்டேன்.

"வாணாம்மா! இந்த மாதிரி எடத்துல பேரு மாட்டிக்கினதுலேர்ந்து, தேடினா நாங்க வர்றதே இல்ல" என்றார் உரிமையாளர்.

போன்காரருக்கு அப்படியே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆண்டுதோறும் எங்களிடம் காவடி எடுக்கும், ஆந்திராவிலுள்ள நகரி ஊர் பஜனைக் குழுவிடம் பேசினேன். பிடித்திருந்தால் உங்கள் தளத்தில் எங்களைப் பற்றி எழுதுங்கள் என்றேன். அவர்கள் காவடியாட்டப் படத்தோடு எங்கள் இணைப்பையும் போட்டார்கள். படத்தின் ஓரத்தில் என் கணவர் வாயைப் பிளந்து அரோகரா போட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்போதெல்லாம் எங்கள் காவடியைத் தோளில் சுமந்தவர்களிடம் மட்டும்தான் இணைப்பு கேட்கிறேன். அக்கா புருஷனைப் பாவா என்றழைக்கும் ஆந்திராப் பக்கமிருந்து வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன: "அக்கா, படத்துல அரோகரா போடறாரே, அந்தப் பாவா கடைதானே?"

"ஆங்" என்று சொல்வதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.